பிறவிப் பல்லின்மையும் முகத் தாடைகளின் அமைப்பும்

மனிதனுக்குப் பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்று பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. ஆயினும், வாயைத் திறந்து எண்ணிப் பார்ப்பின், முப்பத்திரண்டும் நிரம்பப் பெற்றோர் நாம் கருதுவதினும் குறைவாகவே இருப்பர். சொத்தையால் விழுந்தவை, மருத்துவர் பிடுங்கியவை, ஈற்றினுள் புதைந்து வெளிவராதவை ஆகிய அனைத்தையும் கழித்த பின்னரும், சிலருடைய தாடையில் ஒன்றோ இரண்டோ பற்கள் தோன்றவே இல்லை என்பது எக்ஸ் கதிர்ப் படத்தால் புலனாகின்றது. பல்லின் கருவே உருவாகாத இந்நிலையைப் பிறவிப் பல்லின்மை என்கிறோம்.

இப்பெயர் முற்றிலும் பொருத்தமானதன்று. பிறந்த குழந்தையின் தாடையில் நிலைப்பற்களுள் முதற் கடைவாய்ப்பல் மட்டுமே சுண்ணாம்புச் சத்து ஏறத் தொடங்கியிருக்கும். கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் இரண்டு வயதுக்கு மேலும், ஞானப்பல் ஏழு முதல் பத்து வயதுக்குள்ளும் தாம் அந்நிலையை எய்துகின்றன. எனவே, ஐந்து வயதுக் குழந்தைக்கு ஞானப்பல் இல்லை என்று எவரும் துணிந்து கூறுதல் இயலாது. மருத்துவர்கள் ஞானப்பற்களை நீக்கியே எண்ணுவர். அவ்வாறு எண்ணுங்கால், இல்லாதவை ஆறுக்குக் குறைவாயின் எளிய பற்குறை என்றும், ஆறும் அதற்கு மேலுமாயின் பெரும் பற்குறை என்றும், ஒன்றுமே இல்லையாயின் முழுப் பல்லின்மை என்றும் வழங்குவர்.

பற்கள் குறைந்தால் முகத்தின் வடிவம் மாறுமா, மாறுமெனில் எவ்வாறு மாறும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். முக அளவுகளைத் திரட்டும் களப்பணியாளருக்கும், நாள்தோறும் நூற்றுக்கணக்கான சிறார் முகங்களைக் காணும் ஆசிரியருக்கும் இது வெறும் நூலறிவு அன்று. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

எப்பற்கள் இல்லாமற் போகின்றன?

இல்லாமை கண்டவாறு நிகழ்வதில்லை. பற்களை வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல் என வகுத்தால், வெட்டுப்பல், முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல் ஆகிய வகைகளில் பெரும்பாலும் வரிசையின் இறுதிப் பல்லே இல்லாதொழிகின்றது. பின்கடைவாய்ப்பற்களுள் மூன்றாவதாகிய ஞானப்பல், முன்கடைவாய்ப்பற்களுள் இரண்டாவது, மேல் வெட்டுப்பற்களுள் பக்கத்தது ஆகியவை அவை. கோரைப்பல்லும் முதற் கடைவாய்ப்பல்லும் மிக அரிதாகவே இல்லாமற் போகும். பட்லர் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர் 1939இல் பாலூட்டிகளின் பற்களைக் குறித்து ஒரு கொள்கையை வெளியிட்டார். ஒவ்வொரு பல் வகைக்கும் தாடையில் ஒரு புலம் உண்டு. புலத்தின் மையத்திலுள்ள பல் உறுதியானது, விளிம்பிலுள்ளது மாறுபடுவது என்பது அதன் சாரம். 1945இல் டால்பெர்க் இதனை மனிதப் பற்களுக்குப் பொருத்திக் காட்டினார். ஒரு பல் முற்றும் இல்லாமற் போவதும், அதே பல் குச்சிபோல் கூர்த்துச் சிறுத்துத் தோன்றுவதும் ஒரே போக்கின் இரு படிகளே. தந்தைக்குக் கூம்பு வடிவப் பக்கப்பல்லும் மகளுக்கு அவ்விடத்தில் வெற்றிடமும் இருத்தல் குடும்பங்களில் காணத்தக்கதே.

2004இல் போல்டர் முதலியோர் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுகூட்டிக் கணித்ததில், ஞானப்பல் நீங்கலான பல்லின்மை ஐரோப்பியரிடம் 5.5 சதவிகிதம் எனத் தெரிந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறத்தாழ 1.37 மடங்கு மிகுதி. குறையுடையோருள் 83 சதவிகிதத்தினருக்கு ஒன்று அல்லது இரண்டு பற்களே இல்லை. பெரும் பற்குறை மக்கள் தொகையில் 0.14 சதவிகிதமே. ஞானப்பல்லின் கதை வேறு. 2015இல் வெளிவந்த கணிப்பின்படி, உலக மக்களுள் ஏறத்தாழ 22.6 சதவிகிதத்தினருக்கு ஒரு ஞானப்பல்லேனும் தோன்றுவதில்லை.

நாகரிக உணவு மெதுவானது. ஆகவே தாடை சிறுத்தது. ஆகவே பல் மறைந்தது என்று பலரும் கூறக் கேட்கிறோம். வகுப்பிலும் இவ்விளக்கம் எளிதாக நுழைந்துவிடுகின்றது. இதில் இரு வேறு செய்திகள் கலந்துள்ளன. வளரும் பருவத்தில் மெல்லும் வேலை குறைந்தால் தாடை நீளம் சற்றுக் குறையலாம். அதனால் ஞானப்பல் இடமின்றிப் புதையலாம். புதைந்த பல் இல்லாத பல் அன்று. பல்லின் கரு தோன்றாமை மரபணுக்களின் வழிப்பட்டது. தந்தை மெல்லாததால் மகனுக்கு நேர்வதன்று. சீன நாட்டின் ஷான்ஸி மாநிலத்தில் லாண்டியன் பகுதியில் 1963இல் கிடைத்த தொல்மனிதக் கீழ்த்தாடை இதற்கு நல்ல சான்று. ஆறு இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அத்தாடை மிகத் தடித்தது. சமைத்த மென்சோறு உண்டு வளர்ந்ததன்று. ஆயினும், அதில் ஞானப்பற்கள் பிறவியிலேயே இல்லை.

தாடையின் இரு பகுதிகள்

முகத்துக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பை அறியத் தாடை எலும்பை இரண்டாகப் பிரித்துக் காணல் வேண்டும். ஒன்று அடித்தளம். மற்றொன்று அதன் மேல் பற்களைத் தாங்கி நிற்கும் பற்குழி எலும்பு. பின்னது பல்லுக்காகவே தோன்றிப் பல்லோடு வளர்ந்து பல் போனபின் தேய்வது. அடித்தளமோ பெரும்பாலும் தன் போக்கில் வளர்வது.

இது எவ்வாறு தெரிந்தது? ஒரு பல்லும் இல்லாது பிறந்த ஒருவரின் முக வளர்ச்சியை அமெரிக்காவில் சார்னட், பிராடி, குபாக்கி ஆகியோர் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 1953இல் அறிக்கை வெளியிட்டனர். பற்களே இல்லாத அம்முகத்தில் பற்குழி எலும்பு வளரவில்லை. ஆனால், தாடைகளின் அடித்தளம் வளர்ந்தது. பல் இல்லையேல் தாடையே வளராது என்ற எண்ணத்துக்கு இஃதொன்றே போதிய மறுப்பு.

எளிய பற்குறையிலும் இதே உண்மையைச் சிறு அளவில் காணலாம். கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் இல்லாத சிறுவனுக்கு அதற்கு மேலிருந்த பாற்கடைவாய்ப்பல் விழாமலே நிற்பதுண்டு. அது சில வேளைகளில் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். சுற்றிலுமுள்ள பற்கள் தத்தம் எலும்போடு உயர, இது மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, நாளடைவில் பள்ளத்தில் அமிழ்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் அப்பல் கீழிறங்கவில்லை. அண்டை வீடுகள் மாடி எழுப்பிக்கொண்டன.

உயிருள்ளோரின் தாடையை அளக்கும் திருத்தமான வழி 1931இல் கிட்டியது. அவ்வாண்டில் அமெரிக்காவில் பிராட்பெண்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும், தலையை ஒரு சட்டத்தில் அசையாது நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் முறையைத் தனித்தனியே வகுத்தனர். மண்டையடியிலுள்ள சேணக்குழியின் நடுப்புள்ளி, நாசியின் மூலம், மேல்தாடையின் முன்புள்ளி ஆகிய மூன்றையும் இணைக்கும் கோணம் மேல்தாடை எவ்வளவு முன்தள்ளியுள்ளது என்பதைக் காட்டும். கீழ்த்தாடைக்கும் இவ்வாறே. 1953இல் ஸ்டெய்னர் இவற்றுக்கு முறையே 82, 80 பாகை என்ற அளவுகளை எடுத்துரைத்தார். அவை அமெரிக்க வெள்ளையரின் அளவுகள் என்பதை மறத்தலாகாது. வங்காளியர் முகத்தையோ தமிழர் முகத்தையோ அவ்வளவுகோலால் அளந்து, வேறுபட்டதெல்லாம் கோளாறு எனல் பிழையாகும்.

இம்முறையால் பல நாடுகளில் பெற்ற முடிவுகள் ஒரு திசையையே காட்டுகின்றன. பற்குறையுடையோரிடம் மேல்தாடை சற்றுப் பின்வாங்கியும் குறுகியும் இருக்கின்றது. முன்பற்கள் உட்புறமாய்ச் சாய்ந்து செங்குத்தாக நிற்கின்றன. உதடுகள் முன்தள்ளாமல் அடங்கியுள்ளன. மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரையுள்ள கீழ்முகம் குட்டையாகின்றது. கீழ்த்தாடையின் அடிக்கோடு சாய்வு குறைந்து கிடையாக அமைகின்றது. பக்கத்திலிருந்து நோக்கின் முகம் நேராகவோ சற்றுக் குழிந்தோ தோன்ற, மோவாய் எடுப்பாகத் தெரிகின்றது. ஓரிரு பற்கள் இல்லாதோரிடம் இவை பெரும்பாலும் கருவிக்கே புலப்படும். இல்லாத பற்களின் எண்ணிக்கை பெருகப் பெருக மாற்றமும் பெருகும்.

இனிக் காரணத்தைக் கருதுவோம். பல்லின்மையும் தாடைக் குறுக்கமும் ஒரே மரபணுக் கோளாற்றின் இரு விளைவுகளா, அன்றிப் பல்லின்மையால் தாடை பிற்பாடு மாறுகின்றதா? 1995இல் நார்வே நாட்டின் ஓகார்டும் க்ரோக்ஸ்டாடும் பெரும் பற்குறையுடையோரை ஆராய்ந்து, வளர்ச்சிப் போக்கே வேறு என்பதைவிட, பற்கள் இன்மையால் நாக்கு, உதடு, கடிக்கும் நிலை ஆகியவை தம்மைச் சரிசெய்துகொள்வதன் விளைவே இது எனல் பொருந்தும் என்றனர். நாக்கு வெளிநோக்கித் தள்ள, உதடு உள்நோக்கி அழுத்த, இவ்விரண்டுக்கும் இடையே நிற்பன பற்கள். வரிசையில் இடைவெளி விழுந்தால் உதட்டின் அழுத்தம் வெல்லும். மேலும் கீழும் சந்திக்கும் பற்கள் குறைந்தால் வாய் மூடும்போது கீழ்த்தாடை இன்னும் சற்று மேலேறி முன்சுழன்று நிற்கும். முகம் குட்டையாவதும் மோவாய் முந்துவதும் இதனால் விளங்குகின்றன. பல் போன பாட்டியின் முகம் இதனை நமக்கு நாள்தோறும் காட்டுகின்றது. அவருக்கு இருந்த எலும்பு தேய்ந்தது, இவருக்கு எலும்பு எழவே இல்லை என்பதே வேற்றுமை. ஆயினும், மேல்தாடைக் குறுக்கம் முழுவதையும் இவ்விளக்கத்துள் அடக்க முடியுமென்று எமக்குத் தோன்றவில்லை. பற்களைத் தோற்றுவிக்கும் எம்.எஸ்.எக்ஸ்.1, பாக்ஸ்-9 என்னும் மரபணுக்கள் கருவின் முகத்தை உருவாக்குவதிலும் பங்கு கொள்கின்றன. இவற்றின் மாற்றத்தால் பற்குறை நேர்வது முறையே 1996இலும் 2000இலும் மெய்ப்பிக்கப்பட்டது.

கொல்கத்தாவின் பங்கு

இந்திய நாட்டின் முதற் பல்மருத்துவக் கல்லூரி கொல்கத்தாவில் 1920இல் டாக்டர் ரஃபியுதீன் அகமது அவர்களால் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் அயோவாவில் பயின்று திரும்பிய அவர், அக்கல்லூரியை 1949இல் மேற்கு வங்க அரசுக்கு அளித்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. பல்லை அறிவோர் ஒருபுறமும் உடலை அளப்போர் மறுபுறமும் ஒரே நகரில் இருந்தனர். இந்தியக் காட்சிச்சாலை சௌரங்கி வீதியில் உள்ளது. விலங்கியலறிஞர் ஆனண்டேல் கொல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியரிடம் எடுத்திருந்த உடல் அளவுகளை மகலனோபிஸிடம் ஒப்படைத்தார். அவற்றை ஆராய்ந்து 1922இல் அவர் வெளியிட்டதே அவருடைய முதற் புள்ளியியற் கட்டுரைகளுள் ஒன்று. அத்தகைய ஆராய்ச்சிகளின் வழியே 1936இல் அவருடைய புகழ்பெற்ற பொதுமைத் தூரம் உருவாயிற்று. ஒன்றோடொன்று பிணைந்த அளவுகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணிவிடலாகாது என்பது அதன் உட்கருத்து.

நம் பொருளுக்கு இது நேரே பொருந்துவது. முகக் குறியெண் என்பது நாசி மூலத்திலிருந்து மோவாயின் அடி வரையுள்ள உயரத்தைக் கன்னவளைவுகளின் அகலத்தால் வகுத்து நூறால் பெருக்குவது. ஒருவரின் முக உயரம் 120 மி.மீ., அகலம் 132 மி.மீ. எனக் கொள்வோம். குறியெண் 90.9, இது ஒடுங்கிய முகம் என்னும் வகுப்பில் சேரும். பற்கள் குறைந்து கடி தாழ்ந்ததனால் உயரம் 5 மி.மீ. குறைந்தால், குறியெண் 87.1 ஆகி அவர் நடுத்தர முகத்தார் ஆகிவிடுவார். பிறப்பும் குடியும் மாறவில்லை. நான்கு கடைவாய்ப்பற்களே மாறின. கீழ்முக உயரம், உதட்டின் எடுப்பு, மோவாயின் எடுப்பு ஆகிய மூன்றையும் மூன்று தனிச் சான்றுகளாகக் கணக்கில் சேர்த்தால் ஒரே குறையை மும்முறை எண்ணியவர் ஆவோம். ஆகவே, முக உயரம் எழுதும் படிவத்தில் பல் எண்ணிக்கையும், கடைவாய்ப்பற்கள் இருபுறமும் சந்திக்கின்றனவா என்பதும் எழுதப்படாவிடின் அவ்வளவு பயன்படாது. வெற்றிலை போடும் வழக்கமுள்ள ஊர்களில் பல்லின் மேற்புறத் தேய்வையும் குறித்தல் நலம்.

தொல் மண்டையோடுகளில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம் 1962இல் ஹரப்பாவின் எலும்புகளைப் பற்றியும், 1963இல் திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றியும் அறிக்கைகள் வெளியிட்டது. இத்தகைய எலும்புகளில் ஞானப்பல் காணப்படாவிடின் உடனே பிறவிப் பல்லின்மை என எழுதுதல் கூடாது. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்முகத்தை உருப்பெருக்கியால் நோக்குக. அங்கே தட்டையான தேய்வுத் தழும்பு இருப்பின், அதனோடு உராய்ந்த ஒரு பல் முன்பு இருந்தது உறுதி. தழும்பு இல்லையேல், பல் புதைந்துள்ளதா என எக்ஸ் கதிர்ப் படத்தால் அறிதல் வேண்டும். பல் விழுந்து ஆறிய இடத்தில் எலும்பு பள்ளமாகவும் கரடாகவும் இருக்கும்; பல் தோன்றாத இடத்தில் விளிம்பு மழமழப்பாகவும் கத்திபோல் மெலிந்தும் இருக்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் எலும்பை வெறும் கண்ணால் பார்த்து இக்கணக்கில் சேர்த்தலே ஆகாது.

சிந்து நாட்டுக் குடும்பம்

பல்லின்மை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற குடும்பம் ஒன்று நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. சிந்து நாட்டின் இந்துக் குடும்பமொன்றைப் பற்றி வெட்டர்பர்ன் என்பவர் தமக்குத் தெரிவித்ததை, டார்வின் வளர்ப்பு விலங்குகள், தாவரங்களின் மாறுபாடு பற்றிய தம் நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் குறித்துள்ளார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆடவர்களுக்கு இரு தாடைகளிலும் சேர்த்து நான்கு சிறிய வெட்டுப்பற்களும் எட்டுக் கடைவாய்ப்பற்களுமே இருந்தன. உடலில் மயிர் மிகக் குறைவு; இளமையிலேயே வழுக்கை; கோடையில் தோல் வறண்டு பெரிதும் துன்புற்றனர். பெண்கள் எவரும் இவ்வாறு துன்புறவில்லை. ஆயினும், அப்பெண்களின் ஆண்மக்களுக்கு இக்குறை வந்தது. 1921இல் தடானி என்பார் சிந்து நாட்டு ஹைதராபாத்தில் பூதாக்கள் எனப்பட்ட இத்தகையோரை மரபியல் இதழொன்றில் விவரித்தார்.

தாய் வழியே மகனுக்கு இறங்கும் இக்குறையின் மரபணு எக்ஸ் நிறக்கோலில் உள்ளது. அது 1996இல் கண்டறியப்பட்டு ஈ.டி.ஏ. எனப் பெயர் பெற்றது. பல், மயிர், வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் கருவின் மேற்றோலிலிருந்து ஒரே ஆணையால் முளைப்பவை. ஆணை தவறினால் மூன்றும் குறைகின்றன. முகமும் ஒரு தனித்தோற்றம் பெறுகின்றது. நெற்றி எடுப்பு, மூக்கின் பாலம் தாழ்வு, மேல்தாடை பின்வாங்கல், கீழ்முகம் குட்டை, உதடுகள் தடித்து வெளிமடிதல், கண்ணைச் சுற்றிச் சுருக்கங்கள் என்பன அதன் குறிகள். குழந்தைக்குக் கிழவர் முகம் என்று ஊரார் கூறுவது இதனையே. 

ஆசிரியர்கள் இப்பகுதியை நன்கு மனங்கொள்ளுதல் வேண்டும். இக்குழந்தைக்கு ஆபத்து பல்லால் அன்று, வெப்பத்தால். வியர்வை இன்மையால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது. கொல்கத்தாவின் வைகாசிப் புழுக்கத்திலோ வேலூரின் கத்திரி வெயிலிலோ விளையாட்டு மைதானத்தில் அரைமணி நேரம் நின்றால், காய்ச்சல் கடுமையாக ஏறும். கைக்குழந்தைப் பருவத்தில் காரணம் அறியப்படாத காய்ச்சலால் உயிரிழப்போரும் உண்டு. மாணவன் ஒருவனுக்கு இரண்டு மூன்று கூம்புப் பற்களே உள்ளன, தலைமயிர் மெல்லியதாய் அருகியுள்ளது, ஓடியபின்னும் நெற்றி ஈரமாவதில்லை என்று கண்டால், சோம்பல் என்றோ கள்ளக் காய்ச்சல் என்றோ கருதி வெயிலில் நிறுத்தலாகாது. நிழலான இடமும், அடிக்கடி குடிக்க நீரும், மேலாடையை நனைத்துக்கொள்ள இசைவும் கொடுத்து, பெற்றோரை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் அனுப்புக. தாயின் உடன்பிறந்த ஆடவருக்குப் பற்கள் எவ்வாறு என்று கேட்டறிந்து கடிதத்தில் எழுதுதல் மருத்துவருக்குப் பேருதவியாகும். தாய்க்கே ஓரிரு பற்கள் இல்லாமலோ கூம்பாகவோ இருக்கக்கூடும். இதனைத் தாயின் குற்றமாக எவரும் பேசாதவாறு தனியே வினவுதல் பண்பு.

பல்லைப் பொறுத்தவரை, மூன்று நான்கு வயதிலேயே செயற்கைப் பல்வரிசை பொருத்தலாம். கீழ்முக உயரம் மீள்கின்றது, உதடுகள் தாங்கப்பெறுகின்றன, சொற்கள் திருந்துகின்றன, பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கின்றான். தாடை வளர்ச்சி இதனால் தடைப்படும் என்று சில பெற்றோர் அஞ்சி மறுப்பர். 1953இன் பதினான்கு ஆண்டு அறிக்கை காட்டியவாறு தாடையின் அடித்தளம் தன் வழியே வளரும் இயல்புடையது. ஆகையால், வளர்ச்சிக்கேற்பச் சில ஆண்டுகளுக்கொருமுறை பல்வரிசையை மாற்றி அமைக்க வேண்டியதே செய்யத்தக்கது. எலும்பில் பதிக்கும் உலோக வேர்களைப் பொதுவாக வளர்ச்சி முடியும் வரை ஒத்திவைப்பர். ஒட்டிக்கொண்ட பாற்பல்லைப் போலவே அவையும் நின்ற இடத்திலேயே நின்று அமிழ்ந்துவிடும்.